நட்டம் எனக் காட்டப்பட்ட பிரிவு: திருகோணமலை விளையாட்டுப்பொருள் நிறுவனமொன்றின் பிரிவுவாரி நிதி அறிக்கை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் நிறுவனம் திருகோணமலையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவரைப் பங்குதாரர்களாகக் கொண்ட சிறிய தனியார் கம்பனியாகும். அதன் கணக்குகளைத் தயாரிக்கும் பொறுப்பு இதனை எழுதுபவரிடம் இருந்தது. ஆகவே கீழே சொல்லப்படும் பிழைகளில் முதலாவது எழுதுபவருடையதே. நிறுவனம் அடையாளம் காணப்படாதிருக்கும் பொருட்டுத் தொகைகள் யாவும் ஒரே விகிதத்தில் மாற்றப்பட்டுள்ளன. அவற்றுக்கிடையிலான தொடர்பு மாறவில்லை.

நிறுவனம் மூன்று வகையான வேலைகளைச் செய்கிறது. கன்னியாவுக்குச் செல்லும் வழியில் உள்ள மரக்கூடத்தில் முன்பள்ளிகளுக்கான அடுக்கு வளையங்கள், மணிச்சட்டங்கள், பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் கழற்றிப் பொருத்தக்கூடிய பலகைகள் ஆகியன செய்யப்படுகின்றன. இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் அரசசார்பற்ற நிறுவனங்களும் முன்பள்ளிகளை நடத்தும் சங்கங்களுமே. அதே கூடத்தின் பின்பக்கத்தில், வெட்டி எஞ்சிய துண்டுகளிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கான ஞாபகப்பொருட்கள் செய்யப்படுகின்றன: பிரெட்ரிக் கோட்டையில் மேயும் புள்ளிமான், திமிங்கலம், சாவிக்கொத்தில் தொங்கும் ஓட்டோ. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளே இவற்றின் சந்தை. மூன்றாவது, நகர மத்தியில் உள்ள சில்லறைக் கடை. கொழும்பு புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்துவரும் பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருட்களே அதில் பெரும்பகுதி. கூடத்தில் செய்த மரப்பொருட்களுக்கும் இரண்டு தட்டுகள் உண்டு.

நிறுவனத்தைத் தொடங்கிய மூத்த சகோதரர் கூடத்தைப் பார்க்கிறார், தங்கை ஞாபகப்பொருட்களைப் பார்க்கிறார், மருமகன் கடையைப் பார்க்கிறார். கணக்கு மட்டும் பல ஆண்டுகளாக ஒன்றாகவே இருந்தது. ஆண்டு முடிவில் ஒரே ஒரு இலாபத் தொகை வரும். அது எந்த வேலையிலிருந்து வந்தது என்று எவரும் கேட்டதில்லை. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்து, ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து சில வாரங்களுக்குள் 350 ரூபாயைத் தாண்டியபோது பிளாஸ்ரிக் பொருட்களின் கொள்விலை ஏறியது. 2023 மார்ச்சில் மத்திய வங்கி ஏனைய வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் நூற்றுக்கு 16.5 ஆக உயர்ந்தபோது மேலதிகப்பற்றின் (கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுக்க வங்கி தரும் கடனின்) வட்டியும் தாங்கமுடியாததாயிற்று. எந்த வேலை மற்ற வேலையைச் சுமக்கிறது என்ற கேள்வி அப்போதுதான் வீட்டுக்குள் எழுந்தது. அதற்கு விடை காண ஒவ்வொரு வேலையையும் ஒரு பிரிவாகத் தனித்துக் காட்டும் கணக்கு அறிக்கையை, அதாவது பிரிவுக் கூற்றை, எழுதுபவர் தயாரித்தார்.

முதலாவது கூற்று, 2024 மே

2024 மார்ச் 31இல் முடிந்த ஆண்டுக்கு மொத்த விற்பனை 484 இலட்சம் ரூபாயும் வரிக்கு முந்திய இலாபம் 21 இலட்சமும் ஆகும். விற்பனையில் முன்பள்ளிப் பிரிவு 184, ஞாபகப்பொருள் 62, கடை 238 இலட்சம். ஒவ்வொரு பிரிவின் விற்பனையிலிருந்தும் அதன் பெயரில் ஏட்டில் பதிந்திருந்த மூலப்பொருளையும் கூலியையும் கழித்தபோது முறையே 18, 29, 46 இலட்சம் எஞ்சின. அலுவலகச் சம்பளம், வாகனம், வட்டி, மின்சாரம் முதலிய பொது மேந்தலைச் செலவு 72 இலட்சம். அதனை எழுதுபவர் விற்பனை விகிதத்தில் மூன்றாகப் பிரித்தார். அது கையில் கிடைத்த மிக இலகுவான அளவுகோல் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்கவில்லை.

விளைவு: முன்பள்ளிப் பிரிவு 9.4 இலட்சம் நட்டம், ஞாபகப்பொருள் 19.8 இலட்சம் இலாபம், கடை 10.6 இலட்சம் இலாபம். கூட்டினால் 21 சரியாக வந்தது. கூட்டுத்தொகை சரியாக இருந்தமையால் கூற்றே சரியானது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்; கணக்கு வேலையில் இதைவிட ஆபத்தான ஆறுதல் இல்லை என்பது எழுதுபவரின் எண்ணம்.

அன்று மாலை கடையின் மாடியில் நடந்த கூட்டத்தில் மருமகன் தம் கருத்தை நேராகவே சொன்னார்: “மாமா, நட்டத்தில ஓடுறதை நிப்பாட்டினா மற்ற ரெண்டும் மூச்சு விடும்.” மூத்தவர் நெடுநேரம் பேசாதிருந்து, “முன்பள்ளிச் சாமான் செய்யத்தானே இந்தக் கூடமே போட்டது” என்று மட்டும் சொன்னார். அது கணக்குக்குரிய பதில் அல்ல. ஆயினும் அந்த வாக்கியத்தில் இருந்த ‘கூடம்’ என்ற சொல்லே எழுதுபவரை மறுநாள் கூடத்துக்குப் போக வைத்தது. பிரிவை மூடும் முடிவு ஒரு மாதம் ஒத்திவைக்கப்பட்டது.

கூடத்தில் கண்டவை

கேகாலை, களுத்துறைப் பக்கமிருந்து இறப்பர் மரப்பலகைகள் லொறியில் வந்து இறங்குகின்றன. அவற்றுக்கான பற்றுச்சீட்டு அப்படியே முன்பள்ளிப் பிரிவின் செலவாகப் பதியப்பட்டு வந்தது. எழுத்துப் பலகைக்காக ஒரு நீளப் பலகையை அறுக்கும்போது ஓரத்தில் மூன்று விரல் அகலத்தில் ஒரு பட்டி எஞ்சும். அறுப்பவர் அதைக் கீழே போடுவதில்லை. தலையைத் திருப்பாமலே பின்னால் இருக்கும் உரப்பைக்குள் நழுவவிடுவார். அந்தப் பட்டியிலிருந்து நான்கு புள்ளிமான்கள் வெட்டலாம். விடுதியில் நல்ல விலைக்குப் போகும் அந்த மானுக்குக் கணக்கில் மரச்செலவு சுழியம். மரம் எழுத்துப் பலகையின் தலையில் விழுந்திருந்தது.

2024 ஜூன் மாதம் முழுவதும் இதனை நிறுத்துப் பார்ப்பதென முடிவாயிற்று. பக்கத்து மீன் வியாபாரியிடம் இரவலாகப் பெற்ற தொங்கு தராசொன்று கூடத்தின் வாசலில் கட்டப்பட்டது. உள்ளே போன பலகை 1,840 கிலோ, உரப்பைகளில் பின்பக்கம் போனது 405 கிலோ; அதாவது 22 வீதம். மரத்தூளும் பயன்படாத கட்டைகளும் இதில் சேரவில்லை.

இரண்டாவதாகக் கண்டது கூலி. தேய்த்து மினுக்கும் வேலை செய்யும் மூவரும் முன்பள்ளிப் பிரிவின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். ஆனால் பருவகாலத்தில் பிற்பகல் வேளைகளில் அவர்கள் மான்களையும் திமிங்கலங்களையும் மினுக்கிக்கொண்டிருந்தார்கள். மூத்த தச்சரின் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டு மதிப்பிட்டபோது ஆண்டுக்கு 5.2 இலட்சம் ரூபாய் கூலி இடம்மாறிப் பதிந்திருந்தமை தெரிந்தது. மூன்றாவது, கூடம் கடைக்குக் கொடுத்த மரப்பொருட்கள். அவை அடக்கவிலையில், 30 இலட்சத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. அதே பொருட்கள் வவுனியா, மட்டக்களப்புக் கடைகளுக்குப் போகும் மொத்த விலையில் 36.5 இலட்சம் பெறும். எனவே கூடம் உழைத்த 6.5 இலட்சம் கடையின் இலாபமாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

நியமமும் பெரிய நிறுவனங்களின் வழக்கமும்

பிரிவுவாரி அறிக்கை பற்றிய சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 8, 2009 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு இணையான இலங்கை நியமம் 2012 ஜனவரி முதல் பயன்படுகிறது. பங்குகளோ கடன்பத்திரங்களோ பொதுச் சந்தையில் விற்கப்படும் நிறுவனங்களையே அது கட்டுப்படுத்தும். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான தனி நியமம் இத்தகைய அறிக்கையைக் கோருவதில்லை. ஆகவே இந்தக் குடும்பத்துக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. நியமத்திலிருந்து எடுத்துக்கொண்டது அதன் சிந்தனை முறையை மட்டுமே.

அந்த நியமத்தின் அடிப்படை, நிறுவனத்தில் முக்கிய தீர்மானங்களை எடுப்பவர் எந்தக் கண்ணால் தொழிலைப் பார்க்கிறாரோ அந்தக் கண்ணாலேயே வெளியாருக்கும் காட்ட வேண்டும் என்பதாகும். அதனால் ஒரே தொழிலில் உள்ள இரு நிறுவனங்கள் தம்மை இருவேறு விதமாக வெட்டிக் காட்டலாம். அமெரிக்க விளையாட்டுப்பொருள் நிறுவனமான மற்றெல் முக்கியமாக வட அமெரிக்கா, சர்வதேசம் எனச் சந்தையின் இடத்தை வைத்துப் பிரித்தது. முன்னர் ஏறக்குறைய அவ்வாறே பிரித்துக்கொண்டிருந்த, அதே தொழிலில் உள்ள மற்றோர் அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ 2021இல் அதனைக் கைவிட்டு, நுகர்வோர் பொருட்கள், சீட்டு மற்றும் டிஜிட்டல் விளையாட்டுகளை நடத்தும் விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ற், பொழுதுபோக்கு என வேலையின் தன்மையை வைத்துப் பிரித்தது. 2023இல் அந்நிறுவனத்தின் மொத்த வருவாய் ஏறக்குறைய 5,000 மில்லியன் டொலர். நிறுவனம் முழுவதுமாக 1,500 மில்லியனுக்கு மேல் செயற்பாட்டு நட்டம் காட்டியது. ஆனால் ஏறக்குறைய 1,460 மில்லியன் வருவாய் கொண்ட விசார்ட்ஸ் பிரிவு மட்டும் 525 மில்லியன் இலாபம் ஈட்டியிருந்தது. அதைவிட இரு மடங்கு வருவாய் கொண்ட நுகர்வோர் பொருட்கள் பிரிவு அதற்கு அருகில்கூட வரவில்லை. பெரும் நட்டம் பொழுதுபோக்குப் பிரிவில், முக்கியமாக வாங்கிய நிறுவனமொன்றின் நன்மதிப்புப் பெறுமதியை (அதன் சொத்துகளின் மதிப்புக்கு மேலாகக் கொடுத்த தொகையை) குறைத்து எழுதியதால் வந்தது. இந்த உதாரணத்தைக் காட்டியபோதுதான், விற்பனை பெரிதென்பதால் கடையே வீட்டைத் தாங்குகிறது என்ற நம்பிக்கை முதன்முறையாக அசைந்தது.

எந்தப் பிரிவைத் தனியாகக் காட்டுவது என்பதற்கும் நியமத்தில் அளவு உண்டு. பிரிவுகளுக்கிடையிலான விற்பனையையும் சேர்த்த மொத்த வருவாயில் 10 வீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அப்பிரிவு தனியாக வர வேண்டும். இலாபநட்டத்துக்கும் சொத்துக்கும் அதே 10 வீத அளவு தனித்தனியே உண்டு. தனியாகக் காட்டிய பிரிவுகள் வெளி வருவாயில் 75 வீதத்தையாவது அடக்க வேண்டும். இங்கு மொத்தம் 484 உடன் உள்விற்பனை 30 சேர்ந்து 514 இலட்சம். ஞாபகப்பொருளின் 62 இலட்சம் 51.4 ஐத் தாண்டுவதால் மூன்று பிரிவுகளும் நின்றன.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

முதலாவது கேள்வி வெட்டுத்துண்டுக்கு என்ன விலை என்பது. பலகையின் முழு விலையையும் வைப்பது நியாயமில்லை என்று தங்கை வாதிட்டார். அவர் அந்தத் துண்டுகளை எடுக்காவிட்டால் அவை விறகாகத்தான் போகும். விறகு விலையை வைத்தால் மூத்தவர் பக்கம் அநியாயம். அந்தத் துண்டுகள் இல்லாவிட்டால் தங்கை பலகை வாங்கியே ஆக வேண்டும். கடைசியில் பலகை விலையின் பாதி என்று ஒத்துக்கொண்டார்கள். ஆண்டுக்கான மரச்செலவு 58 இலட்சத்தின் 22 வீதத்தில் பாதி 6.4 இலட்சம். இதில் கணக்கியல் துல்லியத்தைவிட உடன்பிறப்புகளின் சமரசம் அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தொகை அப்படித்தான் வந்தது.

இரண்டாவது, கடைக்குக் கொடுப்பதை மொத்த விலையிலேயே பதிவது. மூன்றாவதும் முக்கியமானதும், பொது மேந்தலை முழுவதையும் பங்கிடாமல், எந்தப் பிரிவால் வந்தது என்று காட்டக்கூடியதை மட்டும் பங்கிடுவது. வட்டி 19 இலட்சத்தை, எந்தப் பிரிவின் இருப்பிலும் வருமதியிலும் (வாங்கியோர் இன்னும் தராத பணத்திலும்) பணம் முடங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பிரித்தபோது 13 இலட்சம் கடைக்கும் 5 முன்பள்ளிக்கும் 1 ஞாபகப்பொருளுக்கும் வந்தது. வாகனச் செலவு 14 இலட்சம் ஓட்டப்பதிவேட்டின்படி கடைக்கு 6, முன்பள்ளிக்கு 6, ஞாபகப்பொருளுக்கு 2 எனப் பிரிந்தது. எஞ்சிய 39 இலட்சத்தில் அலுவலகச் சம்பளமும் கணக்காய்வுக் கட்டணமும் மூத்தவரின் சம்பளமும் அடங்கும். எந்தப் பிரிவை மூடினாலும் அதில் ஒரு சதமும் குறையாது. ஆகையால் அது ‘பங்கிடப்படாதது’ என்ற தனி நிரலில் வைக்கப்பட்டது.

புதிய கூற்றில் முன்பள்ளிப் பிரிவு 25.1, ஞாபகப்பொருள் 14.4, கடை 20.5 இலட்சம், கூட்டி 60, அதில் 39 கழிக்க அதே 21. மூடப்படவிருந்த பிரிவே அதிகம் உழைக்கும் பிரிவாக நின்றது. அதை மூடியிருந்தால் நிறுவனம் 4 இலட்சத்துக்கு மேல் நட்டத்துக்குள் போயிருக்கும். மான் வெட்ட மரத்துண்டும் இல்லாமற் போயிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நட்டம் 9.4 இலிருந்து இலாபம் 25.1 வரையான 34.5 இலட்ச மாற்றத்தில், மரம், கூலி, உள்விலை ஆகிய மூன்று திருத்தங்களால் வந்தது 18.1 மட்டுமே. மிகுதி 16.4, பொதுச் செலவைக் கையாண்ட முறை மாறியதால் வந்தது. அந்த 39 இலட்சத்தையும் விற்பனை விகிதத்தில் போட்டுப் பார்த்தால் முன்பள்ளி 10.3, ஞாபகப்பொருள் 9.4, கடை 1.3 என வரும். அப்போதும் முன்பள்ளிப் பிரிவு முன்னுக்கு நிற்கிறது என்பதைக் கண்ட பிறகே, பிரிவைத் தொடரும் முடிவை எழுதுபவர் தயக்கமின்றி ஆதரித்தார்.

இந்தக் கூற்றின் அடிப்படையில் முன்பள்ளிப் பிரிவு தொடர்வது, புதிய ஓடர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு முற்பணம் கேட்பது, கடையின் பிளாஸ்ரிக் இருப்பைக் குறைப்பது, மாதமொருமுறை ஒரு பக்கப் பிரிவுக் கூற்றை மூவரும் பார்ப்பது ஆகிய முடிவுகள் எடுக்கப்பட்டன.

வங்கியின் கடிதம்

இதற்கிடையில் ஒரு சங்கடம் நேர்ந்தது. மேலதிகப்பற்றைப் புதுப்பிக்க ஜூன் மாதத்தில் வங்கிக்குப் போன மூத்தவர், கையில் இருந்த முதலாவது கூற்றையும் ஆவணங்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். நட்டத்தில் இயங்கும் பிரிவொன்றைத் தொடர்வதற்கான காரணத்தைக் கேட்டு ஜூலையில் கடிதம் வந்தது. இரண்டாவது கூற்றைக் கொண்டுபோனபோது, ஒரே ஆண்டுக்கு இரண்டு மாதத்துக்குள் இரண்டு வேறு முடிவுகளா என்று கடன் அதிகாரி கேட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது.

பதிலாகக் கொடுக்கப்பட்டது ஒரு இணக்கக் கூற்று: இடது பக்கம் முதலாவது கூற்றின் தொகைகள், வலது பக்கம் இரண்டாவதன் தொகைகள், நடுவில் ஒவ்வொரு திருத்தமும் அதற்கான ஆதாரமும், கீழே இரண்டு பக்கமும் கணக்காய்வு செய்யப்பட்ட 21 இலட்சத்தில் வந்து முடிவது. உரப்பைகளின் நிறைகள் எழுதிய தாளின் பிரதியும் இணைக்கப்பட்டது. அதிகாரி அதிகம் பார்த்தது அந்தத் தாளைத்தான். வசதி புதுப்பிக்கப்பட்டது, ஆனால் ஆறு வாரத் தாமதத்துடன். அந்த ஆறு வாரத்தில் புறக்கோட்டையில் தீபாவளிச் சரக்கை மலிவாகப் பிடிக்கும் வாய்ப்பு தவறிப்போயிற்று.

2024/25இல் நடந்தவை

அந்த ஆண்டு மொத்த விற்பனை 472 இலட்சமாகக் குறைந்தது, இலாபம் 26 இலட்சமாக உயர்ந்தது. கடையின் விற்பனை 209 இலட்சத்துக்கு இறங்கியபோதும், இருப்பில் முடங்கிய பணம் குறைந்து அதன் பங்கு வட்டி 13 இலிருந்து 7.5 இலட்சமானதால் அதன் முடிவு 23.5 ஆக ஏறியது. முன்பள்ளிப் பிரிவு 205 இலட்சம் விற்று 31 இலட்சம் தந்தது. முற்பணம் கேட்டதால் இரண்டு ஓடர்கள் கைநழுவின, மற்றவை வந்தன. மருமகனுக்கு உள்விலை மாற்றம் பிடிக்கவில்லை. தம் கடையின் உழைப்பைக் கூடத்துக்கு எழுதிவைத்ததாகவே அவர் இன்றும் கருதுகிறார்.

ஞாபகப்பொருள் பிரிவில் நடந்தது எவரும் எதிர்பாராதது. வெட்டுத்துண்டுக்கு விலை வந்தவுடன் தங்கை அதைத் தெரிந்தெடுக்கத் தொடங்கினார். முடிச்சு விழுந்த துண்டு, சிறிய துண்டு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளூர் மர ஆலையில் தமக்குப் பிடித்த பலகையை வாங்கினார். ஒக்டோபர் மாதம் கூடத்துக்குப் போனபோது, மான் வெட்டியிருக்கக்கூடிய துண்டுகள் ஒன்பது உரப்பைகளில் கட்டப்பட்டு, பேக்கரி அடுப்புக்குப் போகும் லான்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. அவரவர் கணக்கில் இருவரும் சரியாகவே நடந்தார்கள். பணம் மட்டும் அடுப்புக்குள் போயிற்று. அந்தப் பிரிவின் விற்பனை 58 ஆகவும் முடிவு 12.5 ஆகவும் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர், ஒரு சாணுக்குக் குறைந்த துண்டுகள் இலவசம், அதற்கு மேற்பட்டவை பாதி விலை என விதி மாற்றப்பட்டது. நவம்பர் முதல் வெளி மரம் வாங்கப்படவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மரத்தை எடை பார்த்த மாதம் பிழையானது. ஜூன் திருகோணமலையின் சுற்றுலாப் பருவம். பின்பக்கம் எடுக்கும் துண்டுகளும் அப்போது அதிகம். வடகீழ் மழை தொடங்கிய நவம்பரில் மீண்டும் நிறுத்தபோது 22 வீதம் 17 ஆக இருந்தது. முழு ஆண்டுக்கும் 17 என எடுத்தால் முன்பள்ளிப் பிரிவின் முடிவில் ஏறக்குறைய 1.5 இலட்சம் குறையும். தீர்மானம் மாறாது, ஆனால் தொகை மாறும். இனி ஆண்டுக்கு நான்கு முறை நிறுக்கப்படும்.

பங்கீட்டு அடிப்படை மாறும் ஆண்டில் முந்திய ஆண்டின் தொகைகளையும் புதிய அடிப்படையில் திருப்பி எழுதாமல் ஒப்பிடக் கூடாது. துண்டு விதி மாறியதால் 2023/24இன் கூற்று மூன்றாவது தடவையாகத் திருத்தப்பட வேண்டியுள்ளது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. இணக்கக் கூற்று இல்லாத எந்தப் பிரிவுக் கூற்றும் இனி அலுவலகத்தை விட்டு வெளியே போகாது என்று மூவரும் கையொப்பமிட்டுள்ளார்கள். முதலாவது கூற்றைக் கையளிக்கும் முன் எழுதுபவர் ஒரு முறையேனும் கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து அது ஓட்டோவில் பத்து நிமிடப் பயணம்தான்.

தராசு இன்னும் மீன் வியாபாரியிடம் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. அவர் வேறொன்று வாங்கிக்கொண்டார். அதன் விலை கூடத்தின் செலவில் பதியப்பட்டுள்ளது.